மரபணு மாற்றுப் பயிர்: வயலில் நடந்தது என்ன?

இளஞ்சிவப்புக் காய்ப்புழு நுழைந்த பருத்திக் காயை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். காய் பச்சையாக, கெட்டியாக, வழக்கம்போலத்தான் இருக்கும். பிளந்து பார்த்தால்தான் சங்கதி தெரியும்: பழுப்பேறிய பஞ்சு, குடையப்பட்ட விதை, அதற்குள் சுருண்டு கிடக்கும் ரோஜா நிறப் புழு. பூவைத் தாக்கினால் இதழ்களை நூலால் பின்னி, விரியவிடாமல் கட்டிவைத்துவிடும். மருந்து அடிக்கலாம்தான். ஆனால் காய்க்குள் போய் உட்கார்ந்துவிட்ட புழுவை எந்த மருந்தும் எளிதில் எட்டாது.

இந்தப் புழுவையும் இதன் பங்காளிகளான அமெரிக்கன் காய்ப்புழு, புள்ளிக் காய்ப்புழு ஆகியவற்றையும் அடக்கத்தான் 2002 மார்ச்சில் இந்தியா பி.டி. பருத்திக்கு அனுமதி தந்தது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் மரபணு ஒன்று பருத்திக்குள் வைக்கப்பட்டது. அது உண்டாக்கும் புரதம் புழுவின் குடலைத் துளைத்து அதைக் கொல்லும். பத்தாண்டுக்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த விதைதான் விதைக்கப்பட்டது. அமெரிக்கன் காய்ப்புழு அடங்கியது உண்மை. தொடக்க ஆண்டுகளில் பூச்சிமருந்துச் செலவு குறைந்ததும் உண்மை. ஆனால் 2010இலேயே குஜராத்தின் அம்ரேலி, பாவ்நகர், ஜூனாகட், ராஜ்கோட் மாவட்டங்களில் இளஞ்சிவப்புப் புழு முதல் தலைமுறை விதையின் நச்சைத் தாங்கப் பழகிவிட்டதாக விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. இரண்டு நச்சுப் புரதங்களைக் கொண்ட இரண்டாம் தலைமுறை விதை 2006இலேயே சந்தைக்கு வந்திருந்தது. 2015 வாக்கில் புழு அதையும் தாண்டியது. 2017இல் மகாராஷ்டிரத்தின் பருத்திக் காடுகள் இந்தப் புழுவால் நாசமாயின. அதே பருவத்தில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தார்கள்.

மரபணு மாற்றுப் பயிர்களால் சூழலுக்கு என்ன ஆபத்து என்ற வாதம் பெரும்பாலும் வரப்போவதைப் பற்றிய வாதமாகவே நடக்கிறது. ஒரு தரப்பு பேரழிவு வரும் என்கிறது. மறு தரப்பு ஒன்றும் வராது என்கிறது. இப்படி ஆருடம் பார்க்க வேண்டிய காலம் கடந்துவிட்டது. 1996 முதல் இந்தப் பயிர்கள் பெரும் பரப்பில் விளைகின்றன. 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி 29 நாடுகளில் ஏறத்தாழ 19 கோடி ஹெக்டேரில் இவை பயிராயின. என்ன வந்தது, என்ன வரவில்லை என்பதை வயலிலேயே பார்க்கலாம்.

வராததை முதலில் பார்ப்போம். உலகத்தின் கவனத்தை இந்தப் பக்கம் திருப்பியது ஒரு வண்ணத்துப்பூச்சி. 1999இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லோசியும் உடன் ஆய்வாளர்களும் பி.டி. மக்காச்சோளத்தின் மகரந்தத்தைத் தூவிய இலைகளை மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு ஆய்வகத்தில் தின்னக் கொடுத்தார்கள். நான்கு நாளில் பாதிக்குச் சற்றுக் குறைவான புழுக்கள் இறந்துபோயின. மோனார்க் வேடமிட்டவர்கள் ஊர்வலம் போகும் அளவுக்கு அந்தச் செய்தி பரவியது. இரண்டாண்டு கழித்து, வயலில் இலை மீது உண்மையில் எவ்வளவு மகரந்தம் படிகிறது என்பதைப் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அளந்தன. பெரும்பாலான பி.டி. மக்காச்சோள வகைகளில் புழுவைக் கொல்லும் அளவு மகரந்தம் படிவதே அரிது என்று தெரிந்தது. மகரந்தத்தில் அதிக நச்சு இருந்த ஒரேயொரு வகை சந்தையிலிருந்து போய்விட்டது.

அத்தோடு கதை முடிந்ததாகத்தான் பலர் எழுதினார்கள். முடியவில்லை. மோனார்க் புழு தின்னும் ஒரே செடி மில்க்வீட்; நம்மூர் எருக்கின் உறவு, கிள்ளினால் எருக்கைப் போலவே பால் வடியும். அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் அது மக்காச்சோள, சோயா வயல்களுக்குள் களையாக வளர்ந்துவந்தது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் சோயா 1996இல் வந்தது, மக்காச்சோளம் அதைத் தொடர்ந்தது. பயிர் நிற்கும்போதே மேலே தெளிக்கலாம்; பயிர் பிழைக்கும், மற்றதெல்லாம் கருகும். 1999க்கும் 2010க்கும் இடையில் அந்தப் பகுதியில் மில்க்வீட் 58 சதவீதம் குறைந்துவிட்டதாக ஜான் பிளெசண்ட்ஸ், கேரன் ஓபர்ஹவுசர் இருவரும் 2012இல் கணக்கிட்டார்கள். மகரந்தம் புழுவைக் கொல்லுமா என்று எல்லாரும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, மறுபக்கம் புழுவின் சாப்பாடே போய்க்கொண்டிருந்தது. மோனார்க் எண்ணிக்கை குறைந்ததற்கு மெக்சிகோவின் காட்டழிவும் வானிலையும்கூடக் காரணங்கள். களைக்கொல்லியின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. மில்க்வீட் வயலைவிட்டுப் போனதில் மட்டும் வழக்கில்லை.

இந்த இடத்தில் பிரிட்டன் செய்த ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேறு எந்த நாடும் அனுமதிக்கு முன்பு அவ்வளவு பெரிதாகச் செய்து பார்த்ததில்லை. களைக்கொல்லி தாங்கும் பீட்ரூட் வகைகள், கடுகு இனத்தைச் சேர்ந்த எண்ணெய்ப் பயிர், மக்காச்சோளம் ஆகியவற்றை, ஒவ்வொரு பயிருக்கும் ஏறக்குறைய அறுபது வயல்கள் வீதம் எடுத்து, ஒவ்வொரு வயலையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் மரபணு மாற்றுப் பயிர், மறுபாதியில் வழக்கமான பயிர். களை, களை விதை, தேனீ, வண்ணத்துப்பூச்சி, வண்டு என எண்ண முடிந்ததையெல்லாம் எண்ணினார்கள். 2003 அக்டோபரில் முடிவு வெளிவந்தது. பீட்ரூட்டிலும் எண்ணெய்ப் பயிரிலும் மரபணு மாற்றுப் பாதியில் களையும் களை விதையும் குறைந்திருந்தன. அவற்றை நம்பிய வண்ணத்துப்பூச்சிகளும் குறைந்திருந்தன. மக்காச்சோளத்தில் நிலைமை தலைகீழ்: மரபணு மாற்றுப் பாதியில்தான் உயிரினம் அதிகம். வழக்கமான பாதியில் அட்ராசின் என்ற கடுமையான களைக்கொல்லி போட்டதே காரணம். ஆக, பயிரின் மரபணுவைவிட, அதன்மேல் என்ன தெளிக்கப்படுகிறது என்பதே வயலின் உயிர்களைத் தீர்மானித்தது.

களைக்கொல்லிக் கதையின் அடுத்த அத்தியாயம் ஒரு கீரையைப் பற்றியது. பால்மர் அமராந்த் என்பது நம் தண்டுக்கீரை, முளைக்கீரையின் சொந்தக்காரச் செடி, அதே பேரினம். விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டும். ஒரு பெண்செடி லட்சக்கணக்கில் விதை போடும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிளைபோசேட்டுக்கு மசியாத பால்மர் அமராந்த் 2005இல் உறுதியானது. அது எப்படித் தப்பியது என்று பார்த்தவர்கள் திகைத்தார்கள்: கிளைபோசேட் தாக்கும் என்சைமுக்கான மரபணுவை அந்தச் செடி பல படிகள் எடுத்து வைத்திருந்தது, சில செடிகளில் நூறு படிகளுக்கும் மேல். எவ்வளவு மருந்து விழுந்தாலும் மிச்ச என்சைம் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பெரும் இயந்திரங்களுக்குப் பேர்போன பருத்திப் பண்ணைகளில் கூலி ஆட்களை வைத்துக் கையால் களை பறிக்கும் நிலை வந்தது.

இதற்கு நிறுவனங்கள் கண்ட தீர்வு, இன்னொரு களைக்கொல்லியைத் தாங்கும் பயிர். டைகாம்பா என்ற அந்த மருந்து ஆவியாகிக் காற்றில் போகும் குணமுடையது. 2017இல் மட்டும் சுமார் 36 லட்சம் ஏக்கர் சோயா, பக்கத்து வயலிலிருந்து மிதந்துவந்த டைகாம்பாவால் இலை சுருண்டதாக மிசௌரி பல்கலைக்கழகக் களை அறிவியலாளர் கெவின் பிராட்லி கணக்கெடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு, இந்த மருந்துச் சிதறல் தகராறில் அர்கன்சாஸ் மாநில விவசாயி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2020இலும் 2024இலும் அமெரிக்க நீதிமன்றங்கள் அந்த மருந்தின் அனுமதியை ரத்துசெய்தன.

இந்தியாவில் களைக்கொல்லி தாங்கும் பருத்திக்கு அனுமதி இல்லை. ஆனால் விதை இருக்கிறது. 2019 ஜூனில் மகாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்தில் ஒரு விவசாய அமைப்பினர் அதைப் பகிரங்கமாகவே விதைத்துக் காட்டினார்கள். களையெடுக்க ஆள் கிடைக்காத கஷ்டம் அவர்களுக்குப் புரிந்த அளவு தில்லிக்குப் புரியவில்லை என்பதை மறுக்க முடியாது. ஆனால் நம் பருத்திக் காட்டில் பருத்தி மட்டும் நிற்பதில்லை. துவரை, உளுந்து, பாசிப்பயறு ஊடுபயிராக நிற்கும். களையெடுக்கும் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு போகும் பண்ணைக்கீரையும் சாரணையும் இடையிடையே முளைத்திருக்கும். மேலே தெளிக்கும் மருந்துக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

மரபணு தப்பி ஓடுவது பற்றிய அச்சம் வேறு வகை. இதில் மிகைப்படுத்தலும் உண்டு, உறுதியான சான்றும் உண்டு. மக்காச்சோளம் பிறந்த மண்ணான மெக்சிகோவில், வஹாகா மாநிலத்தின் நாட்டு ரகங்களில் அயல் மரபணு கலந்துவிட்டதாக டேவிட் குயிஸ்ட், இக்னேசியோ சபேலா இருவரும் 2001இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். கடும் எதிர்ப்பு எழுந்தது. வெளியிடப் போதிய சான்று இல்லை என்று மறு ஆண்டே இதழ் பின்வாங்கியது. 2005இல் வந்த ஆய்வு கலப்பு இல்லை என்றது, 2009இல் வந்த ஆய்வு உண்டு என்றது. மெக்சிகோ அரசு 2025 மார்ச்சில் மரபணு மாற்று மக்காச்சோளம் விதைப்பதை அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலமே தடுத்துவிட்டது.

மெக்சிகோவில் இழுபறியாக இருப்பது அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் கண்ணெதிரே நடந்தது. கோல்ஃப் மைதானங்களுக்காக, கிளைபோசேட் தாங்கும் பென்ட்கிராஸ் என்ற புல்லை ஒரு நிறுவனம் அங்கே சோதனைக்கு விதைத்தது. புல்லின் விதை தூசு போன்றது. மகரந்தம் காற்றில் போவது. 2004இல் வெளியான ஆய்வு, 21 கிலோமீட்டர் தொலைவில் வைத்த செடிகள்கூட அந்த மகரந்தத்தால் கருவுற்றதைக் காட்டியது. நிறுவனத்துக்கு ஐந்து லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அந்த ரகம் விற்பனைக்கே வரவில்லை. ஆனாலும் ஆரெகனின் பாசன வாய்க்கால்களின் கரையில் அந்தப் புல் இன்றும் முளைக்கிறது. வாய்க்கால் பராமரிப்பவர்கள் வழக்கமாக அடிக்கும் மருந்து கிளைபோசேட், அதற்கோ இந்தப் புல் சாகாது. நார்த் டகோட்டாவில் 2010இல் சாலையோரக் கனோலாச் செடிகளைச் சோதித்தபோது பத்தில் எட்டில் மாற்று மரபணு இருந்தது. வேறு வேறு நிறுவனங்களின் இரண்டு களைக்கொல்லித் தாங்குதிறன்களும் ஒரே செடியில் சேர்ந்திருந்த நிகழ்வுகளும் உண்டு. அப்படி ஒரு கூட்டுச் செடியை யாரும் உருவாக்கி விற்கவில்லை.

நியாயமாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்தக் குற்றங்களில் பல மரபணு மாற்றத்துக்கு மட்டும் உரியவை அல்ல. 2002இல் அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் வந்த களைக்கொல்லி தாங்கும் நெல் ரகம் மரபணு மாற்றில் பிறந்ததன்று, சடுதி மாற்றத்தின் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அதன் திறன் வயலிலிருந்த களைநெல்லுக்குத் தாவிவிட்டது. மறுபக்கம், ஹவாய்த் தீவில் வளையப் புள்ளி வைரஸால் அழியவிருந்த பப்பாளிச் சாகுபடியை 1998இல் வந்த மரபணு மாற்று ரகம் காப்பாற்றியது. அதனால் பெரிய சூழல் சேதம் எதுவும் பதிவாகவில்லை. எந்தக் குணம், எந்தப் பயிரில், எந்த மண்ணில் என்று கேட்காமல் மொத்தமாக ஆதரிப்பதும் மொத்தமாக எதிர்ப்பதும் சோம்பேறித்தனம். மண்ணில் கலக்கும் பி.டி. புரதம் மண்புழுவையும் நுண்ணுயிரையும் அழிக்கும் என்ற அச்சமும் இந்தக் கணக்கில்தான் வரும். வேர்வழி அந்தப் புரதம் கசிவது 1999இலேயே தெரிந்தது. நிலையான, பெரிய பாதிப்பு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டவில்லை.

சீனாவின் அனுபவம் ஒரே விதையின் இரு முகங்களையும் காட்டுகிறது. அங்கே பி.டி. பருத்தி 1997இல் வந்தது. பருத்திக்கு மருந்தடிப்பது குறைந்ததும், அந்த மருந்தில் செத்துக்கொண்டிருந்த மிரிட் என்ற நாவாய்ப்பூச்சி பெருகியது. பருத்தியோடு நிற்காமல் திராட்சை, ஆப்பிள், இலந்தைத் தோட்டங்களுக்கும் பரவியது. 2010இல் சயின்ஸ் இதழில் இதை வெளியிட்ட அதே சீன ஆய்வுக் குழு, இரண்டாண்டு கழித்து இன்னொன்றையும் வெளியிட்டது: மருந்து குறைந்ததால் பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப்பூச்சி, சிலந்தி ஆகியவை பெருகி, அசுவினியை அவை தின்று குறைத்திருந்தன. இந்தியாவிலும் 2015இல் பஞ்சாபின் பருத்தியை வெள்ளை ஈ அழித்தது. பி.டி. நச்சு வெள்ளை ஈயை ஒன்றும் செய்யாது. நாகபுரி மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் முன்னாள் இயக்குநர் கேசவ் கிராந்தியும் மானுடவியலாளர் கிளென் டேவிஸ் ஸ்டோனும் இருபதாண்டுத் தரவுகளை அலசி 2020இல் எழுதியது: இந்தியப் பருத்தி விவசாயி ஹெக்டேருக்குப் பூச்சிமருந்துக்குச் செலவிடும் தொகை, பி.டி. வருவதற்கு முன்பிருந்ததைவிட அதிகமாகிவிட்டது.

ஏன் இப்படி ஆனது? பதில் அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கிறது. அங்கேயும் இதே இளஞ்சிவப்புப் புழு, இதே பி.டி. பருத்தி. 2018 அக்டோபரில் அமெரிக்கா தன் பருத்தி மண்ணிலிருந்து இந்தப் புழு ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. வித்தியாசம் விதையில் இல்லை. அரிசோனா விவசாயிகள் முதல் பத்தாண்டுகள் பி.டி. இல்லாத பருத்தியைப் புகலிடப் பயிராக ஒழுங்காக விதைத்தார்கள். நச்சைத் தாங்கும் அபூர்வமான அந்துப்பூச்சி ஒன்று பிறந்தாலும், புகலிடத்தில் வளர்ந்த ஏராளமான சாதாரணப் பூச்சிகளில் ஒன்றோடுதான் அது சேரும். அப்படிப் பிறக்கும் புழுக்கள் பி.டி. செடியைத் தின்றால் சாகும். 2006 முதல் மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் விட்டார்கள். அறுவடை முடிந்ததும் கட்டையை உழுது அழித்தார்கள்.

இந்தியாவிலும் விதி இருந்தது. 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதை தனிப் பையில் வந்தது. பரப்பில் 20 சதவீதம் அல்லது வயலைச் சுற்றி ஐந்து வரிசை அதை விதைக்க வேண்டியிருந்தது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அதில் ஒரு பங்கைப் புழுவுக்கென்று விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது இதன் பொருள். அந்தச் சிறு பையைப் பெரும்பாலோர் தொடவில்லை. அவர்களைக் குறைசொல்லும் முன் விதை எப்படி விற்கப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். மற்ற நாடுகள் பி.டி. மரபணுவைச் சாதாரண ரகங்களில் வைத்தபோது, இந்தியாவில் கிட்டத்தட்ட எல்லாமே வீரிய ஒட்டு ரகங்கள். அறுவடை விதையை எடுத்து வைத்து விதைக்க முடியாது. ஆண்டுதோறும் கடைக்குப் போக வேண்டும், நிறுவனங்களுக்கு அது வசதி. புழுவுக்கும் வசதியாகிவிட்டது. ஒட்டு ரகத்தின் ஒரே காய்க்குள் நச்சுள்ள விதை, நச்சில்லாத விதை, ஒரு நச்சு மட்டும் உள்ள விதை எல்லாம் கலந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நச்சு பழகப் புழுவுக்கு அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடைக்காது. போதாததற்கு இவை 180 நாள், அதற்கு மேலும் நிற்கும் நெடுங்கால ரகங்கள். பருத்தியைத் தவிர வேறெதையும் பெரிதாகத் தின்னாத புழுவுக்கு ஆண்டின் பெரும்பகுதி விருந்து.

கருங்கண்ணி போன்ற நம் நாட்டுப் பருத்திகள் இதில் மாட்டவில்லை என்பது ஓர் ஆறுதல். அவற்றுக்கு 26 குரோமோசோம்கள், பி.டி. வந்த அமெரிக்க இனத்துக்கு 52. இரண்டும் வயலில் எளிதில் கலப்பதில்லை. ஆனால் கத்திரிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கத்திரியின் ரகப் பெருக்கம் அதிகம் உள்ள நாடுகளில் இந்தியா முதன்மையானது. அதோடு கலக்கக்கூடிய காட்டு உறவுகள் வேலியோரங்களில் வளர்கின்றன, தேனீ மகரந்தத்தைச் சுமக்கிறது. தண்டு, காய்த் துளைப்பானுக்கு எதிரான பி.டி. கத்திரியில் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு: கோ-2, மதுரை-1, கிள்ளிகுளம்-1, பாலூர்-1 ரகங்களில் அந்த மரபணு வைக்கப்பட்டது. 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அனுமதி தந்தது. ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்ட சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரி 9இல் அதை நிறுத்திவைத்தார். 2013இல் வங்கதேசம் அதே கத்திரிக்கு அனுமதி தந்தது. அங்கே பூச்சிமருந்துப் பயன்பாடு கணிசமாகக் குறைந்தது. அது நல்ல செய்திதான். இந்தியாவிலும் பருத்தியின் முதல் ஐந்தாறு ஆண்டுகள் நல்ல செய்தியாகத்தான் இருந்தன.

நிறுத்திவைத்தாலும் விதை நிற்கவில்லை. 2019இல் ஹரியாணாவின் ஃபதேஹாபாத் மாவட்டத்தில் ஒரு வயலில் பி.டி. கத்திரி பிடிபட்டது. அதற்கு வெகு முன்பே, 2001இல், பி.டி. பருத்தியும் அனுமதிக்கு முந்தியே குஜராத் வயல்களில் நின்றுகொண்டிருந்தது.

இப்போது வரிசையில் நிற்பது கடுகு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பெண்டல் குழு உருவாக்கிய டி.எம்.எச்-11 ரகத்துக்கு 2022 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் மரபணுவும் அதில் இருக்கிறது. விதை உற்பத்திக்கு மட்டும்தான் அது, விவசாயி அந்த மருந்தை அடிக்கக் கூடாது என்கிறது அரசு. அடிக்கக் கூடாது என்று எழுதிவைத்தால் போதும் என்று நம்புவதற்குப் பருத்தி அனுபவம் இடம்தரவில்லை. 2024 ஜூலை 23இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் இதில் வேறுபட்டார்கள்: அனுமதி செல்லாது என்றார் நீதிபதி பி.வி. நாகரத்னா, செல்லும் என்றார் நீதிபதி சஞ்சய் கரோல். மாநிலங்கள், உழவர்கள் உட்பட அனைவரையும் கலந்து மத்திய அரசு ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

அந்தக் கொள்கையில் பார்க்க வேண்டியது, அனுமதிக்கு முன் எத்தனை சோதனை என்பதோடு, அனுமதிக்குப் பின் வயலை யார் பார்ப்பது என்பதும்தான். புழுவின் தாங்குதிறனை ஆண்டுதோறும் அளந்து மாவட்ட வாரியாக வெளியிடுவது யார்? புகலிடத்துக்கு நிலம் விடும் சிறு விவசாயிக்கு ஈடு தருவது யார்? விதை தோற்றால் அதைச் சந்தையிலிருந்து எடுக்கும் அதிகாரமும், அந்தச் செலவும் யாருக்கு? மாநில அரசுகளும் உழவர் அமைப்புகளும் இவற்றுக்கான விடைகளைக் கொள்கை எழுதப்படும்போதே கேட்டு வாங்க வேண்டும். அனுமதிக் கையெழுத்து விழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை.